பரங்கிமலையைப் பலகையில் வெட்டிய கதை



போன மாதம் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மலை முளைத்தது. சென்னைப் பரங்கிமலை! அப்பா வளர்ந்தது அதன் அடிவாரத்தில். இப்போது அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, படம் காட்டினால் தெரிவதில்லை. கையால் தொட்டுப் பார்க்கட்டுமே என்று லேசரில் வெட்டிய மாதிரி ஒன்று செய்ய நினைத்தேன்.

மலையைத் தட்டைப் பலகையில் எப்படி வெட்டுவது? ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை ஒரு கோட்டால் இணையுங்கள். அதுதான் சமஉயரக் கோடு. ஒவ்வொரு கோட்டையும் ஒரு பலகையில் வெட்டி, பெரிய தோசைமேல் சின்ன தோசை வைப்பதுபோல அடுக்கினால் மலை வந்துவிடும்.

இது பழைய யோசனை. பூமியின் எடையை அறிவதற்காக 1774இல் ஸ்காட்லாந்தின் ஷீஹாலியன் மலையை அளந்தார்கள். குவிந்து கிடந்த எண்களைப் புரிந்துகொள்ள, சார்லஸ் ஹட்டன் என்ற கணித அறிஞர் சம உயரப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார். 1892இல் பிளாந்தர் என்பவர், மெழுகுத் தகடுகளை இக்கோடுகளின்படி வெட்டி அடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நாம் கத்திக்குப் பதில் லேசரைப் பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பரங்கிமலைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1802இல் வில்லியம் லாம்ப்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அளந்தது இந்த மலையின் அருகில்தான். அங்கே தொடங்கிய முக்கோண அளவை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இமயமலை வரை போய், எவரெஸ்டின் உயரத்தையும் சொன்னது.

நான் எடுத்தது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் ரேடாரால் அளந்த இலவசத் தரவு. 1:2000 அளவில் 3 மில்லிமீட்டர் பலகை ஒன்று 6 மீட்டர் உயரத்துக்குச் சமம். பன்னிரண்டு பலகை போதும் என்று கணக்குப் போட்டேன். கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் கோடுகள் மூடாமல் நின்றதால் முதல் பலகை வெட்டுப்படாமல் வீணாயிற்று. கோடுகளை மூடி, ஒவ்வொரு பலகையிலும் மேல் அடுக்கின் எல்லையை லேசாகக் கீறிவைத்த பிறகுதான் ஒட்டுவது சுலபமானது.

அப்பா விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். "மலை சரிதான். படிக்கட்டு எங்கேப்பா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். தேவாலயத்துக்கு ஏறும் படிகள் அதற்குள் தொலைந்துபோயிருந்தன. ரேடார் மரத்தின் உச்சியையும் கூரையையும்கூடத் தரை என்றே எண்ணிக்கொள்ளும். அப்பா ஏறி இறங்கிய படியை அதற்கு எப்படித் தெரியும்?

அவர் கையைப் பிடித்து மேலே நகர்த்தினேன். "இங்கே திரும்பும், இங்கே மூச்சு வாங்கும்" என்று அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்தேன். அந்தக் கோட்டில் மெல்லிய மரக்குச்சிகளை ஒட்டினேன். இப்போது அப்பா தினமும் காலையில் ஒருமுறை மலை ஏறுகிறார்.

நம் நியூ சவுத் வேல்ஸில் பல இடங்களுக்கு 1 மீட்டர் தரவே இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் தெருவைச் செய்து பாருங்கள். செய்வதற்கு முன், வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் ஏறிய மலை எது என்று கேளுங்கள்.