அச்சுக்கு முன் ஒரு கேள்வி

1888 ஏப்ரலில், சட்டநிரூபண சபைத் தமிழ்ப் பிரதிநிதி பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழக இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது முடிவு. மொழியும் வழக்காறுகளும் சான்று. கழகச் சஞ்சிகை அதை அச்சேற்றியது. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் பேசப்பட்ட காலம்; 1889இல்தான் கிடைத்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூல் 1907இல் வந்தது. மொழி ஒன்றானால் இனமும் ஒன்றாகிவிடாது என்று வாதிட்டார்.

இன்றைய ஆய்விதழ்கள் பெயர் மறைத்துக் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்புகின்றன. நல்லதுதான். ஆனால் பெயரை மறைச்சால் மட்டும் காணுமோ? அளவெட்டியிலிருந்து எழுதும் தமிழன் நான் சொல்கிறேன்: ஒரு சமூகத்தைப் பற்றிய கட்டுரையை, அதன் ஆவணங்களும் வழக்குகளும் அறிந்த ஒருவர் அச்சுக்கு முன்பே வாசிக்க வேண்டும். அஸீஸின் கேள்வி 19 ஆண்டுகள் காத்திருந்திருக்கத் தேவையில்லை.