சட்டாம்பிள்ளை போன தூரம்

எழுத்துக்கூட்டவே திணறுற பிள்ளைக்கு யார் உக்காந்து சொல்லித் தர்றது? வகுப்புல நாற்பது பிள்ளைங்க இருந்தா வாத்தியார்தான் என்ன செய்வார், பாவம். இந்தக் கேள்விக்கு நம்ம சென்னையிலேயே 200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பதில் கிடைச்சுது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

எழும்பூர்ல ராணுவத்தினரோட ஆதரவற்ற பையன்களுக்குன்னு ஒரு காப்பகம் இருந்தது. 1789-ல அதுக்குப் பொறுப்பேத்துக்கிட்டவர் ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணுல பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் பழகுறதைப் பார்த்தார். அட, காகிதச் செலவே இல்லையே! தன் காப்பகத்துலயும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த வாத்தியார்களுக்கு இது பிடிக்கலை. பெல் சளைக்காம ஜான் ஃபிரிஸ்கன்ங்கற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில கொடுத்துட்டார். பையன் ஜமாய்ச்சுட்டான்!

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைத் தெரிஞ்ச நமக்கு இதுல பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனா வெள்ளைக்காரங்களுக்குப் புதுசு. 1797-ல பெல் இதை லண்டன்ல புத்தகமாப் போட, 'மெட்ராஸ் முறை'ங்கற பேர்ல இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சு. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ்ல, அவர் விட்டுப்போன பணத்துல எழும்பின பள்ளிக்கு இன்னிக்கும் பேர் மெட்ராஸ் காலேஜ்தான்.

ஆனா அங்கே இதைக் கொண்டாடினதுக்கு முக்கியக் காரணம், சிக்கனம். ஒரே வாத்தியார், நூத்துக்கணக்குல பிள்ளைங்க. ஒப்பிச்சா போதும்னு ஆயிடுச்சு. 19-ம் நூற்றாண்டு நடுவுல, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வர வர, இது மங்கிப்போச்சு.

அப்புறம் 2005-06-ல உத்தரப்பிரதேசம் ஜான்பூர் மாவட்டம். 'பிரதம்' அமைப்பு கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்துச்சு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழு அதை ஆராய்ஞ்சது. முகாமுக்கு வந்த பிள்ளைங்ககிட்ட நல்ல முன்னேற்றம். சிக்கல் என்னன்னா, வந்ததே நூத்துக்கு எட்டுப் பேர்தான்!

இங்கே 2021 அக்டோபர்ல விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்துல 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிச்சு. சாயங்கால வகுப்பு, சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். கொரோனாவால போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாசத்துல மீண்டுச்சு, அப்படி மீண்டதுல ஏறக்குறைய கால்வாசி இந்த வகுப்புகளாலன்னு கார்த்திக் முரளிதரன் குழுவோட ஆய்வு சொல்லுது.

சந்தோஷம்தான். ஆனா அவங்களுக்குக் கிடைச்சது மாசம் 1000 ரூபாய். 'செலவு கம்மி'ங்கறதுக்காகவே இதைத் தூக்கிப் பிடிச்சா, பெல்லோட முறைக்கு ஆன கதிதான் ஆகும். தன்னார்வலர் வாத்தியாருக்குத் துணையா நிக்கணும். வாத்தியார் வேலையிடத்தை நிரப்பாம விடுறதுக்குச் சாக்கா ஆயிடக் கூடாது. உங்க தெருவுல யாராவது இப்படிச் சொல்லித் தர்றாங்களா? எழுதுங்க, தெரிஞ்சுக்கறேன்.