சாவா மூவாப் பேராடு

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி வரும்போது, அடித்தளத்துக் கல்லெல்லாம் எழுத்தாக இருப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அக்கா மகன் அதில் ஒரு 'ட'வையும் ஒரு 'ப'வையும் கண்டுபிடித்துவிட்டான். "இவ்ளோவும் சாமி பாட்டா மாமா?"

"இல்லடா, கணக்கு."

அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. எனக்கும் முதல்முறை தெரிந்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரியைப் புரிந்துகொண்ட பிறகு, எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் கருவறை விளக்கை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது.

1010-இல், தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாள், விமானத்தின் உச்சியில் வைப்பதற்கான குடத்தை ராஜராஜன் கொடுத்தான். அவன் கொடுத்தது, அவன் அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, அதிகாரிகள் கொடுத்தது என்று எல்லாமே கல்லில் ஏறியது. ஆடல் பெண்கள் 400 பேர், அவரவர் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்பதுவரை இருக்கிறது. சாமி குளிக்கும் தண்ணீரில் போட ஏலவரிசியும் சண்பகமொட்டும் இலாமச்சமும் வேண்டும். அதற்காக ஊர்ச்சபைகளிடம் காசு கொடுத்துவைத்தார்கள். காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கோயில் வங்கி மாதிரி நடந்தது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இதுதான் அது.

இனி விளக்குக்கு வருவோம். இரவும் பகலும் அணையாமல் எரிவது நந்தா விளக்கு. அதற்குக் கொடை, ஒரு விளக்குக்கு 96 ஆடு. பெரிய கோயிலில் ஆடு இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. அவற்றை வாங்கிக்கொள்கிற இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

ஏன் 96? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளைக்கு ஓர் உழக்கு என்றால் ஆண்டுக்கு 91 நாழியும் ஓர் உழக்கும். 96 ஆட்டுக்குப் பகிர்ந்தால், ஓர் ஆட்டுக்கு வருஷத்துக்கு நாழிக்குக் கொஞ்சம் குறைவு. பசுவுக்கு இரண்டு நாழிக்குச் சற்றுக் குறைவு, எருமைக்கு ஆறு நாழிக்குச் சற்றுக் குறைவு. ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம், ஓர் எருமை மூன்று பசுவுக்குச் சமம். யாரோ மந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, பால் வற்றும் மாதங்களையும் குட்டிக்கு விடும் பாலையும் யோசித்துப் போட்ட கணக்காகத்தான் எனக்குத் தெரிகிறது.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர்தான் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு. கேட்க மாயக்கதை போல இருக்கும். விஷயம் வேறு. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் எண்ணிக்கை சாகக் கூடாது. குட்டிகள் பெரிதாகிச் செத்தவற்றின் இடத்தை நிரப்ப வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை 96 என்பது 96-தான். வறட்சி, நோய், ஓநாய் எது வந்தாலும் உழக்கு நெய் நிற்கக் கூடாது. பொறுப்பு அந்த இடையரோடு முடிவதில்லை, அவர் உறவுமுறையாரையும் சேர்த்தே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம் வருகிறது. விளக்கைப் பற்றிப் பேசும்போது கொடுத்தவர் பெயரைச் சொல்கிறோம், சாமி பெயரைச் சொல்கிறோம். கொடுத்தவர் ஒருமுறை கொடுத்தார். தினமும் கொடுத்தவர் யார்? விடியலில் கறந்து, உறை ஊற்றி, கடைந்து, உருக்கி, அளந்தவர்கள். அந்த வீட்டுப் பெண்களின் கைவேலையில்லாமல் அந்த உழக்கு நிரம்பியிருக்காது. புண்ணியம் கொடையாளிக்கு, வேலை இடையர் வீட்டுக்கு.

இன்னும் கனமான கல்வெட்டுகள் உண்டு. வேட்டைக்குப் போன இடத்தில் குறி தவறி அம்பு பட்டு ஒருவர் செத்துப்போகிறார். சோழர் காலத்தில் இப்படிப்பட்ட வழக்குகள் பல ஊர்க் கோயில்களின் சுவரில் இருக்கின்றன. ஊரார் கூடிப் பேசுகிறார்கள். வேண்டுமென்று கொன்றதல்ல, எனவே உயிருக்கு உயிர் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். கொன்றவர் கோயிலுக்கு விளக்கு வைக்க வேண்டும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், பழிக்குப் பழி வேண்டாம் என்று ஓர் ஊர் உட்கார்ந்து முடிவெடுத்தது பெரிய விஷயம். கை தவறுவதற்கும் மனமறிந்து செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் பிரித்தார்கள். செத்தவர் பேரில் ஒரு சுடர் எரிவது அந்தக் குடும்பத்துக்கும் ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் ஆடுகள் செத்தவரின் பெண்டாட்டி வீட்டுக்குப் போகவில்லை, கோயில் கணக்கில் சேர்ந்தன. யாரோ எய்த அம்புக்காக, சம்பந்தமே இல்லாத ஓர் இடையர் வீடு தலைமுறை தலைமுறையாக நெய் அளந்தது. கருணையும் அநியாயமும் ஒரே கல்லில், ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் பெருமைப்படவோ திட்டவோ எனக்கு மனம் வரவில்லை.

சாயங்கால தீபாராதனைக்கு உள்ளே போனோம். மணி அடித்தது. தட்டில் சுடர் ஏறி இறங்கியது, பெரிய லிங்கத்தின் மேல் வெளிச்சம் ஒரு நொடி ஓடியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவன் கேட்டான், "அந்த ஆடெல்லாம் இப்ப எங்க மாமா?"

என்ன சொல்வது? "கல்லுலதான்டா இருக்கு" என்றேன்.

பழைய கோயிலுக்குப் போனால் நீங்களும் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். முழுசாகப் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, ௯௰௬ என்ற மூன்று எழுத்தைத் தேடுங்கள். தமிழ் எண்ணில் தொண்ணூற்றாறு. அது கண்ணில் பட்டால், அங்கே ஒரு விளக்கு எரிந்திருக்கலாம். அதற்குப் பின்னால் ஒரு மந்தையும், அதை மேய்த்த ஒரு குடும்பமும் இருந்திருக்கும். சாமியைக் கும்பிடும்போது அவர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.