உலோகத்தில் வெட்டிய எழுத்து

ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் இயங்கிய கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகத்தார், 1923ஆம் ஆண்டில் ‘நொய்லாண்ட்’ என்னும் தடித்த அச்செழுத்தை வெளியிட்டனர். அதனை ஆக்கியவர் ருடால்ஃப் கோஹ். தாளில் முன்வரைவு ஏதும் எழுதாது, உலோகத்திலேயே நேராக வெட்டினார். ஆதலின் அளவுக்கு அளவு எழுத்தின் வடிவம் சிறிது வேறுபடும். வளைவுகளும் கோணம் பெற்று நிற்கும். ஒரே வடிவத்தைப் பெருக்கியும் சுருக்கியும் காட்டும் கணினிப் பதிப்பில் அவ்வழகுக்கு இடமில்லை. சிற்றெழுத்துகள் அவர் வெட்டவில்லை; பேரெழுத்துகளே உண்டு.

பிற்காலத்தில் அமெரிக்கப் பதிப்பாளர் பலர், ஆப்பிரிக்கா, காடு, வேட்டை பற்றிய நூல்களின் அட்டைகளில் இதனையே மீண்டும் மீண்டும் பொறித்தனர். அதனால் நாகரிகம் அறியாதார் எழுத்து என்னும் பழி இதன்மேல் படிந்தது. பழி எழுத்துக்கு மட்டுமோ? அம்மக்களுக்கும் அன்றோ! எத்தியோப்பியர் தமக்கெனத் தொன்மையான எழுத்துமுறை உடையவர். நொய்லாண்டோ ஜெர்மானியப் பட்டறையில் பிறந்த இலத்தீன் எழுத்து.