இரண்டு ஆயுளும் ஒரு மனிதரும்

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் நாடுகடத்தல் விதித்தார். ராஜத்துரோகத்துக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. ஆயுளை 20 ஆண்டாக எண்ணுவது அன்றைய கணக்கு என்பதால், 40 ஆண்டு என்றே ஊர் பேசியது. அவருக்கு வயது 35. உயர்நீதிமன்றம் தண்டனையைக் குறைத்ததால் 1912 டிசம்பரில் கண்ணனூர் சிறையிலிருந்து வெளியே வந்தார். அதே திருநெல்வேலியில் வக்கீல் தொழில் பழகிய எனக்கு அந்தக் கூட்டல் இன்றைக்கும் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும், கண்மூடித்தனமாகக் கூட்டக் கூடாது என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே சொல்லியிருந்தது. 71வது பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவன் இன்னொருவனைக் கம்பால் 50 அடி அடிக்கிறான். அடிக்கு ஓராண்டு என்றால் 50 ஆண்டு உள்ளே கிடக்க வேண்டும். அப்படிக் கூடாது, மொத்த அடிக்கும் ஒரே தண்டனைதான் என்கிறது சட்டம். விலக்க வந்தவனையும் வேண்டுமென்றே அடித்திருந்தால் அதற்குத் தனித் தண்டனை. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவான இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

குற்றங்கள் நிஜமாகவே வேறுவேறாக இருக்கும்போதுதான் சிக்கல். 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஒரே விசாரணையில் பல தண்டனைகள் விதித்த நீதிபதி வேறொன்றும் சொல்லாவிட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 5, 3, 2 ஆண்டு என்று விதித்து, ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதினால் 5 ஆண்டில் முடியும். எழுதாமல் விட்டால் 10. கூண்டில் நிற்பவரின் வீட்டார் ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க, நாங்கள் அந்த ஒரு வரிக்குக் காத்திருப்போம். சம்பவம் ஒன்றே என்றால் பெரும்பாலும் அந்த வரி வரும். ஆனால் அது குற்றவாளியின் உரிமை அல்ல என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் கட்டாததற்கான சிறையோ எதனோடும் சேர்ந்து கரையாது, தனியாகத்தான் கழிக்க வேண்டும். ஏழைகளை அதிகம் வதைப்பது அதுதான்.

ஆயுள்மேல் ஆயுள் விதிக்கலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளிலிருந்தே டெல்லிக்குப் போனது. 2016இல் தலைமை நீதிபதி டி.எஸ்.தாக்கூர் தலைமையிலான ஐந்து நீதிபதிகள், பல ஆயுள் தண்டனைகள் விதிக்கலாம், ஆனால் அவை ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் அமையும், அடுத்தடுத்து ஓடாது என்று தீர்த்தார்கள். மனிதருக்கு இருப்பது ஓர் உயிர்தானே! குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான தண்டனையை மட்டும் ஆயுளுக்கு முன்னால் கழிக்கச் சொல்லலாம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டம், அடுத்தடுத்து ஓடும் தண்டனைகளின் மொத்த உச்சவரம்பை 14 ஆண்டிலிருந்து 20 ஆக உயர்த்தியிருக்கிறது. அது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் குற்றத்தின் கடுமையைப் பார்த்து, ஏககாலமா அடுத்தடுத்தா என்று நீதிபதி உத்தரவிட்டே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கான காரணத்தையும் தீர்ப்பிலேயே எழுதச் சொல்லியிருக்கலாம்.