லோயர் கேம்ப்: ஓர் ஆங்கிலத் தொடர் தமிழ்ச் சொல்லான கதை

தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில் வரும் ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். தமிழ் வேர்களும் தமிழாகவே ஆகிவிட்ட வடசொற்களும் நிரலாக வந்துகொண்டிருக்க, மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் ஆங்கிலப் பெயர்த்தொடர் ஒன்று முழு உருவோடு வந்து நிற்கிறது. ஆனாலும் அது நம் காதை உறுத்துவதில்லை. “லோயர்கேம்புல எறக்கி விடுங்கண்ணே” என்று நடத்துநரிடம் சொல்பவர் வேற்றுமொழி பேசுவதாக நினைப்பதே இல்லை. இரண்டு சொற்களாய் வந்த தொடர் எப்படி ஒரே சொல்லாகத் தமிழுக்குள் இறங்கியது என்பதைச் சொல்லன்பர்கள் சற்று நின்று பார்க்கலாம்.

முதலில் ஆங்கிலத்திலேயே தொடங்குவோம். ‘தி லோயர் கேம்ப்’ என்பது அம்மொழியில் ஒரு பெயர்த்தொடர். தலைச்சொல் ‘கேம்ப்’, அதன் முன் நிற்கும் ‘லோயர்’ பெயரடை, எல்லாவற்றுக்கும் முன்னால் ‘தி’ என்ற சுட்டு. ஆங்கிலத் தலைச்சொல் முன்னும் பின்னும் அடை ஏற்கும். ‘தி கேம்ப் அட் த ஃபுட் ஆஃப் த ஹில்’ என்று தலைக்குப் பின்னாலும் நீண்டுகொண்டே போகலாம். தமிழோ அடை எத்தனை வந்தாலும் அத்தனையையும் முன்னாலேயே அடுக்கி, தலைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கும்: மலையடிவாரத்தில் மின்நிலையத்தையொட்டி அமைந்த பழைய முகாம். நல்லவேளையாக ‘லோயர் கேம்ப்’ முன்னடை மட்டுமே உள்ள தொடர். சொல் வரிசை மாறாமல், எலும்பு முறியாமல், தமிழுக்குள் நுழைய அதுவே வழிவிட்டது. ஊர்ப்பெயராகும்போது ஆங்கிலத்திலேயே ‘தி’ உதிர்ந்துவிடும். பொதுப்பெயர் சிறப்புப்பெயராகிவிட்டதற்கு அந்த மொழியில் அதுவே அடையாளம். தமிழுக்கு அந்தச் சுட்டு தேவையே இல்லை.

‘லோயர்’ என்பதன் முதனிலையான ‘லோ’ ஆங்கிலத்துக்குப் பிறந்த வீட்டுச் சொல் அன்று. கடல் கடந்து இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டாரின் பழைய நார்ஸ் மொழி தந்தது; கிடத்தல் என்னும் பொருளுடைய வேரோடு உறவுள்ளது. ‘கேம்ப்’ பிரெஞ்சு வழியாகப் 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அதன் மூலம் இலத்தீனத்து ‘கேம்பஸ்’, அதாவது வெளி, திடல். உரோமையர் படைப்பயிற்சி செய்த திடலுக்கு அதுவே பெயர். திடல் படை தங்கும் இடமாகி, படை தங்கும் இடம் எவரும் தற்காலிகமாகத் தங்கும் இடமாகி விரிந்தது. இதே இலத்தீனச் சொல் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களுக்குத் தனியே பெயராகி, இன்று நம் மாணவர் வாயில் ‘கேம்பஸ்’ என்று வழங்குகிறது. ஆகவே ‘லோயர் கேம்ப்’ என்ற தொடரில் ஆங்கிலத்துக்குச் சொந்தமென்று எஞ்சுவது ‘அர்’ என்று ஒலிக்கும் ஒப்பீட்டு விகுதி ஒன்றுதான். கடன் வாங்குவது எந்த மொழிக்கும் இழுக்கன்று என்பதற்கு இந்த ஊர்ப்பெயரே போதும்.

அந்த விகுதி சிறியது, ஆனால் பேசுகிறது. ‘கீழுள்ளது’ என்று மட்டும் சொல்லாமல் ‘இன்னொன்றைவிடக் கீழுள்ளது’ என்கிறது. எதைவிட என்று அறிய, இந்த மலையில் நடந்த வேலைகளைப் பார்க்க வேண்டும். முல்லைப் பெரியாற்று அணைக்கான குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுகளுக்குக் கையெழுத்தானது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் 1887இல் தொடங்கிய வேலை 1895இல் நிறைவேறியது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. 1950களின் பிற்பகுதியில் அதே நீரின் வீழ்ச்சியைக் கொண்டு அடிவாரத்தில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. தலா 35 மெகாவாட் திறனுள்ள நான்கு பொறிகள், மொத்தம் 140 மெகாவாட் என்பது முன்பு அதன் அமைப்பாக இருந்தது. பொறியாளர் வாயில் ‘கேம்ப்’ என்பது வேலையாட்கள் தங்கும் இடம். மலைமேல் ஒரு வேலையிடமும் அடிவாரத்தில் ஒரு வேலையிடமும் இருந்தால்தான் ‘லோயர்’ என்ற ஒப்பீடு பிறக்கும். இன்று மேலே குமுளியும் தேக்கடியும் தம் பழம்பெயர்களோடு நிற்கின்றன. இணைப்பெயரான ‘அப்பர் கேம்ப்’ எந்தப் பேருந்துப் பலகையிலும் இல்லை. ஒப்பிடப்பட்டது மறைந்தும் ஒப்பீட்டு விகுதி மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

தமிழில் இதே வேலையைச் செய்ய விகுதி வேண்டியதில்லை. ‘மேல்’, ‘கீழ்’ என்று முன்னால் வைத்தால் போதும். பக்கத்திலேயே மேலக்கூடலூரும் கீழக்கூடலூரும் இருக்கின்றன. இங்கே நம் சொல்லில் ஆங்கிலத்துக்கு இல்லாத ஓர் ஆழம் உண்டு. மேற்கே மலை உயர்ந்தும் கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்தும் கிடக்கும் நிலத்தில் வாழ்ந்தவர்கள் உயரத்தையும் திசையையும் ஒரே சொல்லால் சுட்டினார்கள்: மேல் மேற்காயிற்று, கீழ் கிழக்காயிற்று. லோயர் கேம்ப் குமுளிக்கு இறக்கத்திலும் இருக்கிறது, கிழக்குப் பக்கமாகவும் இருக்கிறது. ‘லோயர்’ உயரத்தை மட்டும் சொல்லி நின்றுவிட, ‘கீழ்’ இரண்டையும் சொல்லியிருக்கும்.

‘கேம்ப்’ என்பதற்கும் தமிழில் பஞ்சமில்லை. காட்டினிடையே அமைந்த பாசறையை முல்லைப்பாட்டு விரித்துரைக்கிறது. பாடி, பாடிவீடு என்பனவும் படை தங்கிய இடங்களே. அரபியில் தோன்றிப் பாரசீகம் வழியாகப் பரவிய ‘முகாம்’ இன்று கண் மருத்துவம் முதல் குறைதீர்ப்பு வரை எல்லாவற்றுக்கும் உதவுகிறது. இவற்றைவிட அருகில் ஒரு சொல் இருக்கிறது: பாளையம். படை இறங்கிய இடம், பின் பாளையக்காரரின் ஆட்சிப்பகுதி, பின் வெறும் ஊர்ப்பெயரீறு என்று அது கடந்து வந்த வழியும் ‘கேம்ப்’ கடந்த வழியும் ஒன்றுபோலவே இருக்கின்றன. லோயர் கேம்ப் அடங்கிய வட்டத்தின் பெயரே உத்தமபாளையம். அதுவும் ஓர் அடையும் ஒரு ‘கேம்ப்’பும் சேர்ந்த தொடர்தான். ஆனால் கம்பம் என்ற பெயரை ஒலி ஒற்றுமை கண்டு இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. தூண் என்னும் பொருளுடைய கம்பத்துக்கும் இலத்தீனத் திடலுக்கும் எந்த உறவும் இல்லை.

ஒலிக்கு வருவோம். லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. உலகம், இலக்கணம் என்று உயிர் ஒன்று துணைக்கு வரும். ‘லோயர்’ அந்தத் துணையைப் பெறவில்லை. ஆனால் அதன் நடுவில் நம் யகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ஒலிப்பில் அங்கே யகரம் இல்லை. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்கப் பொறுக்காத தமிழ் நா உடம்படுமெய் இட்டுக்கொண்டது. ஓகாரத்தின் பின் வகரமே முறை, அதனால்தான் கோவில். ஆனால் வழக்கு கோயில் என்றும் சொல்கிறது. லோயர் அந்தக் கோயிலின் வழியில் போயிற்று. இறுதியில் பகர ஒற்றோடு ஒரு சொல் முடிய முடியாததால், பேச்சு அதற்கு உகரம் தந்து கேம்பு ஆக்குகிறது. அவ்வளவில் அது மென்தொடர்க் குற்றியலுகரம். கரும்பு, வரம்பு, நரம்பு ஆகியவற்றின் வரிசையில் கூச்சமின்றி அமர்ந்து, லோயர்கேம்புக்கு, லோயர்கேம்பில் என்று வேற்றுமை ஏற்கிறது. தொகைகள் எல்லாம் ஒரே சொல்லைப் போல நடக்கும் என்று தொல்காப்பியர் கண்டது இந்த வந்தேறித் தொடருக்கும் பொருந்துவதைப் பார்க்கும்போது உள்ளம் பூரிக்கிறது. உருபு கடைசியில் ஒரு முறைதான் ஒட்டுகிறது. ‘லோயர்’ தனியே எதையும் ஏற்பதில்லை.

இதே தேனி மலைகளில் இன்னும் துணிந்து மாறிய பெயர் ஒன்று உண்டு. மேகமலையை ஆங்கிலேயர் ‘ஹை வேவி மவுண்டன்ஸ்’ என்றனர். வழக்கில் தலைச்சொல்லான ‘மவுண்டன்ஸ்’ விழுந்தது. விழுந்தபோது அதன் பன்மை விகுதியைப் பெயரடையின் மேல் விட்டுப் போயிற்று. ஹைவேவிஸ் பிறந்தது. அடைகள் மட்டும் நின்று, சொல்லப்படாத மலையைச் சுட்டுகின்றன. தொகைக்குப் புறத்தே நிற்கும் பொருளைக் குறிப்பதை அன்மொழித்தொகை என்று நம் இலக்கணிகள் வகுத்தார்களே, அதற்கு ஆங்கிலச் சொற்களால் ஆன எடுத்துக்காட்டு வேண்டுவோர் சின்னமனூரிலிருந்து அந்த மலைப்பாதையில் ஏறலாம்.