நீர் மருத்துவ விடுதிகளின் பழ இனிப்பு

கிரேஃபன்பெர்க்கில் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் நடத்திவந்த நீர் மருத்துவம், அதாவது குளிர்ந்த நீரைக் குடிக்கவும் குளிக்கவும் தந்து நோய் தீர்க்க முனைந்த முறை, 1842இல் ஜேம்ஸ் வில்சன், ஜேம்ஸ் கல்லி என்னும் மருத்துவர்களால் இங்கிலாந்தின் மால்வர்னில் வேரூன்றிப் பின்னர் பல ஊர்களுக்கும் பரவியது. இம்மருத்துவம் அளித்த விடுதிகளில் வெண்ணெய் மிகுந்த மாவுப் பண்டங்கள் நோயாளிகளுக்கு ஆகாதவை எனக் கருதப்பட்டதால், மாற்றாக ஒரு பழ இனிப்பு வழங்கப்பட்டது; கிண்ணத்தின் உட்புறம் ரொட்டித் துண்டுகளை அடுக்கி, சர்க்கரையுடன் சிறிதே வேகவைத்த ராஸ்பெர்ரியையும் சிவப்புக் கரன்ட் பழங்களையும் நிரப்பி, மேலே எடை வைத்து இரவு முழுதும் குளிரவிட்டால், சாறு ஊறிய ரொட்டி கவிழ்த்தாலும் குலையாமல் நிற்கும். நீரின் ஆற்றல் குறித்த அம்மருத்துவர்களின் கூற்றுகள் பெரும்பாலும் மிகையே. அவர்களது சமையலோ அறிவார்ந்ததாகவே இருந்தது எனலாம். நீர் மருத்துவப் புட்டிங் எனப்பட்ட இப்பழ இனிப்பு, 20ஆம் நூற்றாண்டில் கோடைப் புட்டிங் என்ற பெயரில் நிலைபெற்றது.